நிறம் பிரியும் ஜப்பானிய மை: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷு என்னும் ஜப்பானியக் கவிதைத் தொகுப்பில் ஏராளமான செடிகொடிகள் வருகின்றன. ஜப்பானின் செய்லர் நிறுவனம் ஊற்றுப்பேனாவுக்காகச் செய்யும் 'மன்யோ' வரிசை மைகள் அந்தச் செடிகொடிகளை ஒட்டி உருவானவை. அவற்றில் 'ஹாஹா' போன்ற சில மைகளும், அதே நிறுவனத்தின் இங்க் ஸ்டூடியோ வரிசையில் 123 என்ற எண் கொண்ட மையும் ஒரே எழுத்துக்குள் சாம்பல், ரோஜா, பச்சை, நீலம் என்று பிரிந்து காட்டக்கூடியவை. வாங்கியவர்கள் சொல்லும் புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான்: "படத்தில் பார்த்த நிறம் என் பேனாவில் வரவில்லை."

இந்தப் புகாரோடு வரும் பேனாக்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில், மையே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். தாள்தான் முதல் காரணம். அடுத்தது பேனாவுக்குள் தங்கிய பழைய மை, அதற்கடுத்தது நிப்பு விடும் மையின் அளவு. செலவும் இதே வரிசையில்தான் ஏறும். ஆனால் பலர் நேராக நிப்பை நெம்புவதில் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசி வேலை. பாதிப் பேருக்கு அதுவரை போகவே வேண்டியிருக்காது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த நான்கு கோடுகள்

வேண்டியவை: ஒரு பஞ்சுக்குச்சி, நீங்கள் வழக்கமாக எழுதும் தாள், மை ஊறாது என்று பெயரெடுத்த ஒரு தாள். தோமோயே ரிவர், ரோடியா, மிடோரி எம்டி போன்ற எதுவானாலும் சரி, ஒரே ஒரு தாள் போதும்.

பஞ்சுக்குச்சியை மைக்குப்பியில் தொட்டு இரண்டு தாளிலும் ஒவ்வொரு கோடு இழுங்கள். அப்புறம் பேனாவால் இரண்டு தாளிலும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். கால் மணி நேரம் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

- பஞ்சுக்கோடு நல்ல தாளில் பிரிகிறது, உங்கள் தாளில் பிரியவில்லை என்றால் குறை தாளில்.
- பஞ்சுக்கோடு பிரிகிறது, அதே தாளில் பேனாக் கோடு பிரியவில்லை என்றால் குறை பேனாவில்.
- நல்ல தாளில் பஞ்சுக்கோடும் பிரியவில்லை என்றால் சந்தேகம் குப்பியின் மேல்.
- நான்குமே நன்றாக இருக்கின்றன என்றால் இதுவரை நீங்கள் பார்த்த வெளிச்சத்தில்தான் குறை.

இதைச் செய்யாமல் கீழே உள்ள எதிலும் இறங்க வேண்டாம். ஒரே நாளில் தாளையும் மாற்றி, பேனாவையும் கழுவி, மையில் தண்ணீரும் சேர்த்துவிட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

## அறிகுறி: எழுத்து வெறும் சாம்பலாகத் தெரிகிறது, நிறம் பிரியவே இல்லை

### வெளிச்சம்

மஞ்சள் பல்பின் கீழ் இந்த மைகளில் இருக்கும் மெல்லிய நீலமும் பச்சையும் அடங்கிப்போகும். சில மலிவான எல்இடி விளக்குகளில் ரோஜா நிறம் செத்துவிடும். பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே நிறம் தெரிந்தால் பேனாவைத் தொடவே வேண்டாம்.

### ஈரம்

எழுதிய உடனே இருக்கும் நிறம் வேறு, காய்ந்த பின் வரும் நிறம் வேறு. சில மைகள் ஈரத்தில் ஊதாவாக இருந்து, காயக் காயப் பச்சையை வெளியே விடும். ஒற்றுத்தாள் வைத்து எடுப்பவர்களுக்கு இந்த மாற்றம் பாதி கூடக் கிடைக்காது, நிறம் பிரிய வேண்டிய மையைத்தான் ஒற்றி எடுத்துவிடுகிறோமே. அவசரமாக நோட்டை மூடுவதும் இதே கதைதான்.

### தாள்

மை தாளின் மேல் கொஞ்ச நேரம் ஈரமாக நிற்க வேண்டும். அப்போதுதான் சாயங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். சாதாரண நகல் தாள் மையை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும், எல்லாச் சாயமும் ஒரே இடத்தில் அகப்பட்டு, கலந்த நிறமான சாம்பல் மட்டும் மிஞ்சும். இதற்குப் பேனாவில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தாளை மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தத் தாளுக்கு வேறு மை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கிளைப் பிரச்சினையும் உண்டு. "போன நோட்டில் நன்றாக வந்தது, அதே பெயருள்ள புது நோட்டில் வரவில்லை" என்பார்கள். தோமோயே ரிவர் தாளை முதலில் செய்துவந்த நிறுவனம் நிறுத்திவிட்டு, சான்சென் என்னும் நிறுவனம் அதை எடுத்து நடத்துகிறது. பழைய தாளும் புதிய தாளும் மையை ஒரே மாதிரி நடத்துவதில்லை, இந்த வகை மைகளில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கறுப்பு மையில் எழுதுகிறவர் கவனிக்கக் கூட மாட்டார். ஆகவே அட்டையில் உள்ள பெயரை நம்பாமல், ஒவ்வொரு புது நோட்டின் கடைசிப் பக்கத்திலும் பஞ்சுக்கோடு ஒன்று போட்டுப் பாருங்கள்.

### பழைய மையின் மிச்சம்

பேனாச் சோதனையில் குறை பேனாவில் என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது இது. அடர்ந்த நீலமோ கறுப்போ நிரப்பியிருந்த பேனாவில், மேலோட்டமாகக் கழுவிவிட்டு இந்த மையை ஏற்றியிருப்பார்கள். வெளியே வரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் நிப்புக்கு அடியில் இருக்கும் ஃபீடின் மெல்லிய வரிகளுக்குள் பழைய மை ஒளிந்திருக்கும். வேறு மைகளுக்கு ஒரு துளி மிச்சம் பெரிதில்லை. இந்த மைகளோ நீர்த்தவை, ஒரு துளி கறுப்பே அவற்றின் ரோஜாவை முழுதாக விழுங்கிவிடும்.

சோதிக்கும் முறை: கழுவிய பேனாவின் நிப்பை நான்காக மடித்த டிஷ்யூத் தாளில் சில நிமிடம் ஊன்றி வையுங்கள். டிஷ்யூவில் எந்த நிறம் வருகிறது என்று பாருங்கள். வெறும் ஈரம் மட்டும் வந்தால் பேனா சுத்தம். நீல வளையம் வந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

கழுவும் வரிசை:

1. சாதாரணத் தண்ணீரை கன்வெர்ட்டரால் (பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைக்கும் குழாய்) இழுத்து வெளியேற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், எபோனைட், செல்லுலாய்டு பாகங்கள் உருமாறும்.
2. நிப்புப் பகுதியை மட்டும் ஒரு இரவு தண்ணீரில் நிற்கவையுங்கள். அடிக்கடி மை மாற்றுபவர்களுக்கு இந்தப் படி ஒன்றே பெரும்பாலும் போதும்.
3. இன்னும் நிறம் வந்தால், ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து இழுத்துவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அடுத்த மை தாளில் பரவும்.
4. அதற்கும் அசையவில்லை என்றால் பேனா கழுவுவதற்கென்றே விற்கும் திரவம். அம்மோனியா கலந்ததாக இருந்தால் பிளீச்சிங் திரவம் எதனோடும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

ஆல்கஹால், அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகியவற்றை பிளாஸ்டிக் பேனாவின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். முன்பு நிரப்பியது இரும்பு உப்பு மையோ நிறமித்துகள் மையோ என்றால், இரண்டாம் படியை இரண்டு மூன்று நாள் நீட்டுங்கள். கரையாமல் படிந்துவிட்டது என்றால் பழுதுபார்ப்பவர்தான்.

### நிப்பு மிக மெல்லியது அல்லது வறண்டது

பேனா சுத்தம், தாளும் நல்லது, ஆனாலும் பேனாக் கோடு சாம்பல். இப்போதுதான் நிப்பைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய நிப்புகளின் எஃப் (மெல்லிய) அளவு, மேற்கத்திய நிப்புகளின் எஃப்-ஐ விட மெல்லியது. அவ்வளவு சன்னமான கோட்டில் மை தேங்க இடமே இல்லை, நிறம் எப்படிப் பிரியும்? எம் (நடுத்தரம்), பி (அகலம்), அல்லது தட்டையான ஸ்டப் நிப்புள்ள பேனா வீட்டில் இருந்தால் அதில் ஏற்றிப் பாருங்கள். அதில் பிரிந்தால் விடை கிடைத்துவிட்டது: இந்த மையை அகலமான நிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அகலமான நிப்பிலும் பிரியவில்லை என்றால், நிப்பு மை விடும் அளவு குறைவு. அதைக் கீழே 'மை வரத் தயங்குகிறது' என்னும் இடத்தில் பாருங்கள்.

### குப்பியில் உள்ள மை

நல்ல தாளில் பஞ்சுக்கோடும் பிரியாவிட்டால், காபி வடிகட்டும் தாளில் ஒரு பட்டை வெட்டி, அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே மைப் பொட்டு வைத்து, அடி நுனியை மட்டும் தண்ணீரில் தொடவிடுங்கள். தண்ணீர் ஏறும்போது சாயங்களை இழுத்துக்கொண்டு மேலே போகும். ரோஜா, நீலம், மஞ்சள் என்று தனித்தனிப் பட்டைகள் வந்தால் சாயங்கள் இருக்கின்றன, மையைச் சந்தேகிக்க வேண்டாம், மறுபடி தாளில் தொடங்குங்கள். சொல்லப்போனால் மையை வாங்கிய அன்றே இந்தப் பட்டை ஒன்று செய்து, தேதி போட்டு, இருட்டான டப்பாவில் வைத்திருந்தால் பின்னால் ஒப்பிட வசதி. பட்டையில் ஒரே மங்கலான கறை மட்டும் வந்தால், அல்லது வாங்கிய நாளின் பட்டையில் இருந்த நிறம் ஒன்று இப்போது காணவில்லை என்றால், குப்பி வெயிலிலோ, வேறு மை கலந்தோ கெட்டிருக்கிறது. அதைத் திருத்த முடியாது.

## அறிகுறி: எழுத்து வெளுத்துப்போய்ப் படிக்கவே முடியவில்லை

இந்த மைகள் பிறப்பிலேயே அடங்கிய நிறம் கொண்டவை. கறுப்பு மைபோல் அழுத்தமாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் திடீரென்று வெளுத்தால் காரணம் இருக்கும்.

பேனாவைக் கழுவிய உடனே மை ஏற்றினீர்களா? ஃபீடுக்குள் இருந்த தண்ணீர் மையை நீர்க்கவைக்கிறது. ஒரு பக்கம் எழுதித் தள்ளுங்கள், சரியாகிவிடும். அடுத்த முறை நிப்பைக் கீழ்நோக்கி டிஷ்யூவில் ஊன்றி ஒரு இரவு காயவிட்ட பிறகு ஏற்றுங்கள்.

கழுவவில்லை, ஆனாலும் வெளுப்பு என்றால் மை குறைவாக வருகிறது என்று பொருள். நிப்பைத் தாளில் அழுத்தி அடர்த்தியை வரவழைக்கப் பார்க்காதீர்கள். அழுத்தினால் முனைகள் விரிந்து, நாளடைவில் அப்படியே நின்றுவிடும்.

## அறிகுறி: முதல் வாரம் அழகு, அப்புறம் இருண்டுவிட்டது

இது மிக எளிதான ஒன்று. பேனாவில் தண்ணீர் ஆவியாகி மை கெட்டிப்படுகிறது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுக்கும் பேனாவில் நிச்சயம் நடக்கும். முதலில் வெளியே நிற்கும் மையைத் தள்ளிவிடுங்கள்: கன்வெர்ட்டரைத் திருகி ஒரு துளியை டிஷ்யூவில் விட்டு எழுதிப் பாருங்கள். நிறம் திரும்பினால் ஃபீடில் நின்ற மை மட்டும்தான் கெட்டியாகியிருந்தது. திரும்பவில்லை என்றால் உள்ளே இருக்கும் மை முழுவதும் கெட்டியாகியிருக்கிறது, காலி செய்து கழுவிப் புதிதாக ஏற்றுங்கள். கன்வெர்ட்டருக்குள் ஒரு துளி காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தும் பார்க்கலாம். குப்பிக்குள் மட்டும் எதையும் சேர்க்காதீர்கள்.

மாதாமாதம் இதே தொல்லை என்றால் மூடி சரியாக அடைக்கவில்லை. மூடியை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் உள்மூடி வெடித்திருக்கலாம். (மூடியில் காற்றுத்துளை வைத்தே செய்யும் பேனாக்களும் உண்டு, உங்களுடையது அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) பிளாட்டினம் நிறுவனத்தின் 'ஸ்லிப் அண்ட் சீல்' போன்ற அடைப்புள்ள பேனாவுக்கு இந்த மையை மாற்றிவிடுவது மூடியைப் பழுதுபார்ப்பதைவிட மலிவு.

## அறிகுறி: பக்கத்தின் மேற்பாதியில் நன்றாக வருகிறது, கீழே போகப்போகத் திட்டுத் திட்டாக விடுகிறது

கை எண்ணெய். உள்ளங்கை படிந்த இடத்தில் மை ஒட்டாமல் விலகும். கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வைத்து எழுதுங்கள். அதோடு தீர்ந்தது. பளபளப்பான பூச்சுள்ள தாள்களில் இது கூடுதலாகத் தெரியும். இதற்காக நிப்பைத் திருத்தக் கொடுத்தவர்கள் உண்டு என்பதால்தான் தனியாக எழுதுகிறேன்.

## அறிகுறி: மை வரத் தயங்குகிறது, முதல் கோடு விழவில்லை, நடுவில் அறுகிறது

வரிசை மாறாமல் பாருங்கள்.

கன்வெர்ட்டரில் மை கீழே இறங்கியிருக்கிறதா? மை மேல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு, காற்றுக்குமிழி கீழே நின்றால் பேனா பட்டினி கிடக்கும். லேசாகத் தட்டினால் மை இறங்கும். அடிக்கடி நடந்தால் உள்ளே சிறு உருளையோ கம்பிச்சுருளோ உள்ள கன்வெர்ட்டருக்கு மாறுங்கள்.

பேனா புதிதா? தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் ஃபீடில் இருக்கலாம். மேலே சொன்ன சோப்புத் துளிக் கழுவல் ஒரு முறை.

மற்றொரு மையில் எப்படி? அதே பேனாவில் தாராளமாக ஓடும் வேறு மையை ஏற்றிப் பாருங்கள். நன்றாக ஓடினால் பேனாவில் கோளாறு இல்லை, இந்த மையும் இந்தப் பேனாவும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். மையை வேறு பேனாவுக்கு மாற்றுங்கள். எந்த மையிலும் தயங்கினால் கீழே தொடருங்கள்.

நிப்பின் பிளவில் நார் சிக்கியிருக்கிறதா? மலிவான தாளின் நார் போதும். மெல்லிய பித்தளைத் தகடு பிளவுக்குள் போகும் அளவுக்குச் சன்னமாகக் கிடைக்கும். அதை மேலும் கீழும் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். பிளேடு வேண்டாம். அது நிப்பின் உள்விளிம்பைச் சீவிவிடும்.

இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியில், நிப்பை நேருக்கு நேர் பிடித்துப் பாருங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால், எஃகு நிப்பாக இருக்கும்பட்சத்தில் மேலே இருப்பதை நகத்தால் மெதுவாக, மிக மெதுவாக, கீழே அழுத்தி மறுபடி பார்க்கலாம். தங்க நிப்பு என்றால் கை வைக்காதீர்கள்.

முனைகள் மட்டமாக இருந்தும் முதல் கோடு மட்டும் விழவில்லையா? பேனாவைக் கொஞ்சம் அழுத்தினால் விழுகிறது, அழுத்தாவிட்டால் இல்லை என்றால், முனையின் உள்விளிம்புகள் அளவுக்கு மீறி உருண்டிருக்கின்றன. பிளவு தாளைத் தொடுவதே இல்லை. தேய்த்துத்தான் திருத்த வேண்டும். மைக்ரான் கணக்கில் தேய்க்கும் தாள்களை வாங்கி வீட்டிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தில், மாற்று நிப்பு எளிதாகக் கிடைக்கும் எஃகு நிப்பில் மட்டும் அந்த விளையாட்டு.

## அறிகுறி: புகைப்படத்தில் நிறம் வேறாக வருகிறது

பேனாவில் எதுவும் செய்ய வேண்டாம். கைபேசிக் கேமரா சாம்பலைப் பார்த்ததும் அதை நடுநிலைப்படுத்தப் பார்க்கும், அதில் மெல்லிய ரோஜாவும் பச்சையும் போய்விடும். நிழல்படும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றும் தெரியும்படி எடுங்கள். வெள்ளையை வைத்து நிறச் சமநிலையைப் பூட்டிவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது. மற்றவர்கள் எடுத்த படங்களிலும் நிறம் கூட்டப்பட்டிருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

## அறிகுறி: பழைய பக்கங்கள் மங்குகின்றன, தண்ணீர் பட்டால் கரைகின்றன

இவை சாய மைகள். வெளிச்சத்தில் மங்கும், தண்ணீரில் ஓடும். ஒரு சாயம் மற்றதைவிட முந்திப் போவதால் நிறம் மங்குவதோடு ஒரு பக்கமாகச் சாயவும் செய்யும். மூடிய நோட்டில் பிரச்சினை இல்லை. சுவரில் மாட்டும் எழுத்துக்கும், முகவரிக்கும், கையெழுத்து போட வேண்டிய ஆவணங்களுக்கும் இந்த மை வேண்டாம். ஏற்கெனவே மங்கியதை மீட்க வழியில்லை.

## அறிகுறி: குப்பியில் நூல் நூலாக மிதக்கிறது, வாடை அடிக்கிறது

பூஞ்சை. வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள், கூடாது. குப்பியை மூடி எறியுங்கள். அந்த மை ஏறிய ஒவ்வொரு பேனாவையும் தனித்தனியாகக் கழுவுங்கள். கழுவிய பாத்திரத்தையும் சிரிஞ்சையும் வேறு குப்பிக்குள் விடாதீர்கள். பேனாவில் மிஞ்சிய மையைக் குப்பிக்கே திருப்பி ஊற்றும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். சில ஜப்பானிய நிறுவனங்களின் குப்பிகள் 20 மி.லி. அளவில் சிறியவையாக வருவதால், வீணாக்க மனமில்லாமல் திருப்பி ஊற்றத் தோன்றும். அந்தச் சில துளிகளை விட்டுவிடுங்கள்.

குப்பியின் அடியில் வெறும் மண்டி மட்டும் இருந்து, வாடை இல்லை, மேலே திரையும் இல்லை என்றால் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கரைந்தால் பயன்படுத்தலாம். துகளாகவே நின்றால் இரண்டு மைகள் கலந்து திரிந்திருக்கலாம், அதைப் பேனாவில் ஏற்ற வேண்டாம்.

## பழுதுபார்ப்பவரிடம் எப்போது

தங்க நிப்பின் முனை வளைந்திருந்தால், ஃபீடு கையால் கழலாமல் இறுகியிருந்தால், பேனாவுக்குள் மையை இழுக்கும் பிஸ்டன் இறுகித் திரும்பாவிட்டால், உடலில் விரிசல் வழியே மை கசிந்தால் நேராக அவரிடம். இறுகிய பிஸ்டனை வலுவாகத் திருகியவர்களுக்கு, சிறிய வேலை பெரிய வேலையாகியிருக்கிறது. நிப்பைத் தேய்த்து ஸ்டப்பாக்க விரும்பினாலும் அவர்தான். ஆனால் அதற்கு முன் அகலமான நிப்புள்ள பேனா ஒன்றை இரவல் வாங்கி இந்த மையை அதில் எழுதிப் பாருங்கள், தேய்த்த நிப்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

அனுப்பும்போது பேனாவைக் காலி செய்து கழுவி அனுப்புங்கள். நான்கு கோடுகள் போட்ட தாள்களையும், வழக்கமாக எழுதும் தாளில் வேறு இரண்டையும் கூடவே வையுங்கள். "மை வரவில்லை" என்று மட்டும் எழுதாமல், முதல் கோட்டிலா, வரியின் நடுவிலா, மேல்நோக்கி இழுக்கும்போதா, எந்த மையில், எந்தத் தாளில் என்று எழுதுங்கள். இடது கையால் எழுதுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், பழுதுபார்ப்பவர் நிப்பைத் தீட்டும் கோணமே மாறிவிடும்.